பொய் ஊசிக்கும் குறைகிற நாரிநோவு

திருகோணமலைத் திருக்கடலூரில் கரைவலை இழுக்கிற ஒருவரிடம் நாரிநோவுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டால் எண்ணெய், ஒற்றடம், பனடோல், கன்னியா வெந்நீர்க் குளிப்பு என்று அடுக்குவார். யாராவது உறவுக்காரர் சொல்லி அக்குபங்சருக்குப் போய்வந்தவர்களும் உண்டு. ஊசி குத்தினால் நோ குறையுமா? பலருக்குக் குறைகிறது. ஏன் குறைகிறது என்பதில்தான் சண்டையே.

சீன மரபுப்படி 'சீ' என்ற உயிராற்றல் உடம்பில் தனிப் பாதைகளில் ஓடுகிறது. அது தடைப்பட்டால் நோ வரும். பாதையிலுள்ள புள்ளியில் குத்தினால் தடை விலகும். இப்படி 361 புள்ளிகள் சொல்லப்படுகின்றன. சித்த மருத்துவத்தின் வர்மப் புள்ளிகளை அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆனால் உடலை அறுத்துப் பார்த்த எவரும் அந்தப் பாதைகளைக் கண்டதில்லை.

பாதை இல்லாவிட்டாலும் நரம்பு இருக்கிறது. முழங்கால் இடிபட்டதும் கையால் தேய்த்துவிடுகிறோம் அல்லவா? தொடுகைச் செய்தி முள்ளந்தண்டை எட்டும்போது, நோச் செய்தி மேலே போவது குறைகிறது என்று 1965இல் மெல்சாக், வோல் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கால் மில்லிமீற்றர் அளவு தடிப்பான அக்குபங்சர் ஊசியும் இப்படி நரம்பைத் தூண்டலாம். அடுத்தது, உடம்பே சுரக்கும் மோர்பின் போன்ற எண்டோர்பின்கள். 1977இல் ஒரு சோதனையில், கையில் ஊசி குத்திப் பல்நோவைக் குறைத்துவிட்டு, மோர்பினை முறிக்கும் நலொக்சோன் மருந்தைக் கொடுத்தார்கள். நோ திரும்பி வந்தது. பின்னர் நடந்த எல்லாச் சோதனைகளிலும் இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

சரி, புள்ளி முக்கியமா? அதை அறியத்தான் பொய் ஊசி. 1998இல் அறிமுகமான ஒரு வகை ஊசி, நாடகக் கத்தியைப் போல, தோலில் பட்டதும் பிடிக்குள் போய்விடும். நோயாளிக்குக் குத்தியது போலவே இருக்கும். வேறு ஆய்வுகளில் புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்திவிடுவார்கள்.

ஜேர்மனியில் நாட்பட்ட நாரிநோவுள்ள 1,162 பேரிடம் இந்த இரண்டாவது முறையைச் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்தின் பின் உண்மை ஊசி பெற்றவர்களில் 47.6 வீதமானோருக்கு நல்ல முன்னேற்றம். பொய் ஊசிக்காரரில் 44.2 வீதம். மருந்தும் பிசியோதெரபியுமாக வழமையான சிகிச்சை பெற்றவர்களிலோ 27.4 வீதம்தான்! புள்ளி தப்பியவர்களும் மாத்திரைக்காரரைத் தாண்டிவிட்டார்கள்.

2012இல் ஏறத்தாழ 18,000 நோயாளிகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு இதைச் சற்று நுணுக்கமாகக் காட்டியது. நூற்றுக்கு 60 என்றிருந்த நோ, ஊசியே இல்லாதவர்களுக்கு 43 ஆகவும், பொய் ஊசிக்கு 35 ஆகவும், உண்மை ஊசிக்கு 30 ஆகவும் இறங்கும் என்பது அதன் கணக்கு. முதல் இறக்கத்தைக் கவனியுங்கள். நோ உச்சத்தில் இருக்கும்போதுதான் வைத்தியரைத் தேடுகிறோம். அது ஓரளவு தானாகவே தணிந்துவிடும், புகழ் கடைசியாகச் செய்த வைத்தியத்துக்குப் போகும். கன்னியாவுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும், கோபிக்கவேண்டாம். புள்ளிக்கும் ஆழத்துக்கும் என்று மிஞ்சுவது 35க்கும் 30க்கும் இடையிலான அந்த ஐந்து.

மிச்சமெல்லாம் மனப்பிரமை என்று தள்ளிவிடலாமா? முடியாது. பல் பிடுங்கியவர்களுக்கு வெறும் போலி மருந்து கொடுத்து வந்த நிவாரணத்தையும் நலொக்சோன் தடுத்தது என்று 1978இல் காட்டினார்கள். எதிர்பார்ப்பும் அதே எண்டோர்பின் கதவைத்தான் தட்டுகிறது. அரை மணி நேரம் படுக்க வைத்து, நோவைப் பற்றிக் கேட்டு, கை வைத்துப் பார்க்கிற வைத்தியரும் சிகிச்சையின் ஒரு பங்கு என்றே நான் நினைக்கிறேன். நீண்ட வரிசையில் நின்று இரண்டு நிமிடம் பேசக் கிடைக்கும் கிளினிக்கில் அது எங்கே கிடைக்கிறது?

பிரித்தானிய மருத்துவ வழிகாட்டல்களே தடுமாறியிருக்கின்றன: 2016இல் நாரிநோவுக்கு வேண்டாம் என்றார்கள், 2021இல் காரணம் தெரியாத நாட்பட்ட நோவுக்குச் செய்து பார்க்கலாம் என்றார்கள். நாட்பட்ட நாரி, முழங்கால் நோவுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் காசு கட்டுமானால் முயன்று பார்ப்பதில் தவறில்லை. ஊசி உங்கள் கண்முன்னே புதுப் பைக்கற்றிலிருந்து எடுக்கப்படவேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வோர்பரின் குடிப்பவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நெஞ்சுப் பக்கம் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் துளை விழுந்த சம்பவங்கள் அரிதாக உண்டு. நாரிநோவோடு கால் விறைப்பு, சிறுநீர் போக முடியாமை, காய்ச்சல் என்று ஏதாவது சேர்ந்தால் ஊசிக்காரரிடம் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.