பாதிக்குப் பாதி கலந்தால் ஆமை என்ன செய்யும்?

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். கடையில் வாங்கிய சிவப்புக்காது ஆமை என்ற நன்னீர் ஆமை ஒன்று அவர் வீட்டில் நிற்கிறது. தொண்டைமானாற்றுக் களப்பில் வலை போட்ட மாமா, செத்தல் என்ற களப்பு மீன் இரண்டை உயிரோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டார். தொட்டியோ ஒன்றுதான். "கிணற்றுத் தண்ணீர் பாதி, களப்புத் தண்ணீர் பாதி விட்டால் ரெண்டுக்கும் பொதுவாக இருக்கும்தானே?"

வேலிச் சண்டையை விதானையார் தீர்த்து வைத்தது போல நியாயமான யோசனை. ஆனால் கணக்கு உதைக்கிறது. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. மீனின் இரத்தமும் ஆமையின் இரத்தமும் உப்பில் அதன் மூன்றிலொரு பங்குக்குக் கிட்டத்தான் வரும். மாரியில் களப்பு நன்னீர் மாதிரிக் கிடக்கும். மழையில்லாத மாதங்களில் வற்றி, கடலளவுக்கு உப்பு ஏறும். அந்த நேரத்துத் தண்ணீரில் பாதி கலந்தாலே லீற்றருக்கு 17 கிராம். அதாவது ஆமையின் இரத்தத்தைவிட உப்பு. மிச்சம் ஓ.எல்லில் படித்த பிரசாரணம்தான்: தண்ணீர் உப்புக் கூடிய பக்கம் போகும், ஆமையின் உடம்பு வற்றும்.

செத்தலுக்கும் அதே கதிதானே? இல்லை. அது உப்புநீரைக் குடித்துத் தண்ணீரை ஈடு செய்துவிட்டு, உப்பைப் பூ (செவுள்) வழியாக வெளியே தள்ளிவிடும். சந்தையில் மீன் வாங்கும்போது கிளப்பிச் சிவப்புப் பார்க்கிறோமே, அதே பூதான். தள்ளுகிற விதத்தை முதன்முதல் வாசித்தபோது படம் தலைகீழாக அச்சாகிவிட்டது என்றே நினைத்தேன்.

பூவில் இதற்கென்றே சில கலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நம் தோட்டத்து இறைப்பு மெசின் போல ஒரு புரதம். ஒரு தடவை இறைத்தால் மூன்று சோடியம் கலத்தை விட்டு வெளியே, இரண்டு பொற்றாசியம் உள்ளே. இதை 1957இல் கண்டறிந்த யென்ஸ் ஸ்கவுக்கு 1997இல் நோபல் பரிசு கிடைத்தது. உப்பை வெளியேற்ற வேண்டிய மீனில் இந்த மெசின் கடலைப் பார்த்து நிற்கும் என்றுதானே நினைப்போம்? அது இரத்தத்தைப் பார்த்து நிற்கிறது! சோடியத்தை இரத்தத்துக்குள்ளேயே இறைக்கிறது. ஓட்டை வள்ளத்தில் இருக்கிறவன் கடல்நீரை அள்ளி வள்ளத்துக்குள் ஊற்றுகிற மாதிரி.

சூட்சுமம் அங்கேதான். இறைத்து இறைத்துக் கலத்துக்குள் சோடியம் குறைந்துவிடும். இரத்தத்தில் இருக்கும் சோடியம் திரும்ப உள்ளே வரத் துடிக்கும். வாசலில் இன்னொரு புரதம் நிற்கிறது. சோடியம் தனியே வந்தால் விடாது. ஒரு சோடியம் நுழைய வேண்டுமென்றால் ஒரு பொற்றாசியத்தையும் இரண்டு குளோரைட்டையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும். சோடியம் மறுபடி இறைபடுகிறது. பொற்றாசியமும் இரத்தப் பக்கமே திரும்பக் கசிகிறது. குளோரைட்டு மட்டும் உள்ளே குவிகிறது. குவிந்தது கடல் பக்கத்துக் கதவால் நழுவி வெளியேறும். (மனிதரில் இதே கதவு பழுதானால் நுரையீரலைக் கெடுக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வருகிறது.) குளோரைட்டு போன பக்கம் எதிரேற்றம். நேரேற்றமுள்ள சோடியம் சும்மா இருக்குமா? இரண்டு கலங்களுக்கு இடையிலான இடுக்கால் இரத்தத்திலிருந்து நழுவி அதன் பின்னால் போய்விடும். சோடியத்தைக் கடலுக்குள் யாரும் இறைக்கவில்லை. ஆனாலும் உப்பு முழுதாக வெளியே!

கடலாமை முட்டையிடும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற துக்கத்தில் அழும் என்று பருத்தித்துறை மாமி சொல்லுவா. கண்ணுக்குப் பக்கத்துச் சுரப்பி ஒன்று இதே வித்தையால் கழிக்கும் உப்புத்தான் அந்தக் கண்ணீர். 1958இல் ஷ்மிட்-நீல்சன், ஃபாங்கே என்ற இரு ஆய்வாளர்கள் அதை எழுதிவிட்டார்கள். மாமி இன்னும் நம்பவில்லை. சிவப்புக்காது ஆமையிடம் அப்படியொரு சுரப்பி இல்லை. ஊர்வனவற்றின் சிறுநீரகத்தால் இரத்தத்தைவிட உப்பான சிறுநீரை ஆக்கவும் முடியாது. உப்புத் தொட்டியில் அது சாப்பாட்டைக் குறைத்து, மெல்ல மெல்ல வற்றும். "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்பார்கள். நான் பார்த்த அளவில் உருப்படாமல் போனது வீடல்ல, ஆமைதான்.

ஆகவே தம்பி, மீன்தான் இறங்கி வரவேண்டும். இலங்கையின் உள்நாட்டுக் குளங்களிலேயே செத்தல் வாழ்ந்து பெருகுகிறது. ஒரே நாளில் மாற்றாமல், ஒரு கிழமைக்குக் கொஞ்சங் கொஞ்சமாகக் கிணற்றுத் தண்ணீரைக் கூட்டுங்கள். புரோலக்டின் என்ற ஹோர்மோன் பூவின் கலங்களை மாற்றியமைக்க அந்த அவகாசம் வேண்டும். உப்பைத் தள்ளிய பூ பிறகு உப்பை உள்ளே இழுக்கத் தொடங்கும்.

தொண்டைமானாற்றுப் பாலத்தில் ஒரு உப்புமானியைக் கட்டி நாள்தோறும் அளந்தால், செத்தல் எந்த மாதம் எந்தப் பக்கம் மாறுகிறது என்று நம் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். கருத்தரங்கு ஒன்றின் மதியச் சாப்பாட்டுச் செலவு கூட வராது.

தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்ததும் அடுத்தது வாய்ப் பிரச்சினை. ஆமை மீனின் வாலைக் கடிக்கும், சின்னதென்றால் விழுங்கும், தொட்டியையும் நாறடிக்கும். இரண்டாவது தொட்டி ஒன்று வாங்குங்கள். அலுத்துப்போய் ஆமையைக் குளத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள். அது அமெரிக்காக்காரன், நம் பால் ஆமையின் சாப்பாட்டில் கை வைக்கும்.