கரகரப்பு பிட்டில் இல்லை, லெவலில் இருக்கிறது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடி அறையில் மைக் வைத்துப் பஜனைப் பாட்டு பதிகிற ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, டேப் பிளக்-இன் போட்டதும் குரல் கரகரன்னு வருது. 16 பிட்லேருந்து 32-க்கு மாத்திப் பாத்துட்டேன், அப்பவும் அப்படியேதான் இருக்கு. சாஃப்ட்வேர்ல ஏதாவது கோளாறா?"

சாஃப்ட்வேரில் கோளாறு இல்லை. டேப் பிளக்-இன் என்பது, பழைய ஒலிநாடாவில் பதிந்ததுபோல் ஒலியை மாற்ற பதிவு சாஃப்ட்வேரோடு சேர்க்கிற சின்ன நிரல். ஒலியை எத்தனை பிட் எண்ணாக எழுதுகிறோம் என்கிற பிட் டெப்த்துக்கும் இந்தக் கரகரப்புக்கும் சம்பந்தமே கிடையாது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய, நாடாவுக்குள் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

பழைய நாடாவின் மேல் காந்தத் துகள்கள் பூசியிருக்கும். சாதாரண கேசட்டில் அது இரும்பு ஆக்சைடு. ஒலிக்கேற்ப ஏறி இறங்கும் காந்தப்புலம் அந்தத் துகள்களைக் காந்தமாக்கும். ஒலி அளவாக இருக்கும்வரை கொடுத்தது கொடுத்தபடியே பதியும். லெவலை, அதாவது ஒலியின் அளவை, கூட்டக்கூட இனி காந்தமாக மிச்சமிருக்கும் துகள்கள் குறைந்துகொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் நாடா வாங்காது. அப்போது அலையின் உச்சி சட்டென்று வெட்டுப்படுவதில்லை, வளைந்து அமுங்குகிறது. அமுங்கும்போது மூல அதிர்வெண்ணைப்போல் மூன்று மடங்கிலும் ஐந்து மடங்கிலும் புதிய ஒலிகள் பிறக்கின்றன. கொஞ்சமாக இருந்தால் குரலுக்குக் கனம் கூடும். மிஞ்சினால் கரகரப்புதான். டேப் பிளக்-இன் இந்த வளைவைத்தான் கணக்குப் போட்டுச் செய்கிறது.

பல பிளக்-இன்கள் மைனஸ் 18 டெசிபலை நாடாவின் இயல்பான லெவலாக வைத்துக்கொள்கின்றன. டிஜிட்டல் மீட்டரில் உச்சம் 0, அதற்கு 18 கீழே. தம்பியின் குரலோ சராசரியாகவே மைனஸ் 6-ஐத் தொடுகிறது. 12 டெசிபல் அதிகம், அதாவது அலையின் உயரம் நான்கு மடங்கு. நாடா திணறாமல் என்ன செய்யும்?

சோதிப்பது சுலபம். பிளக்-இன்னுக்கு முன்னால் 12 டெசிபல் குறையுங்கள், பின்னால் அதே 12-ஐக் கூட்டுங்கள். கரகரப்பு போய்விட்டால் லெவல்தான் காரணம். போகாவிட்டால் பிளக்-இன்னை அணைத்துவிட்டு அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சிகள் மொட்டைமாடி மாதிரி தட்டையாக இருந்தால் பதியும்போதே கிளிப் ஆகியிருக்கிறது, அதாவது உச்சி வெட்டுப்பட்டிருக்கிறது. அதற்குத் திரும்பப் பாடுவதுதான் வழி. 32 பிட் ஃப்ளோட் என்கிற ஃபைல் வகை சாஃப்ட்வேருக்குள் 0-ஐத் தாண்டும் ஒலியைக் காப்பாற்றும், உண்மைதான். ஆனால் வீட்டில் இருக்கும் பெரும்பாலான ஆடியோ இண்டர்ஃபேஸ்கள் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டிகள்) 24 பிட்டில்தான் ஒலியை எண்ணாக மாற்றுகின்றன. அங்கே வெட்டுப்பட்டதை ஃபைலின் வகை ஒட்டவைக்காது.

அப்படியென்றால் பிட் டெப்த் எதற்கு? அது அடிமட்ட இரைச்சலை முடிவு செய்கிறது. ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல். 16 பிட்டில் 65,536 படிகள், 96 டெசிபல் இடம். 24 பிட்டில் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் படிகள், கணக்குப்படி 144 டெசிபல். அவ்வளவு ஆழம் வரை எந்த மைக்கும் கேட்காது. அதற்கு வெகு மேலேயே சீலிங் ஃபேனின் சத்தம் நிற்கிறது. 24 பிட்டின் உண்மையான லாபம், தாழ்த்திப் பதியலாம் என்பதுதான். மீட்டர் மைனஸ் 18-ஐச் சுற்றி ஆடினாலும் இழப்பு ஒன்றுமில்லை, டேப் பிளக்-இன்னுக்கும் அதே லெவல்தான் வேண்டும். 24-ல் வையுங்கள், அப்புறம் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

லெவல் சரியான பிறகும் ஜால்ரா மட்டும் அழுக்காகக் கேட்கிறதா? அது வேறு சங்கதி. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து மாதிரி எடுக்கும் பதிவில் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் வைக்க முடியாது. ஜால்ராவில் 9,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிளக்-இன் அதன் மூன்று மடங்கை, 27,000-ஐ, உண்டாக்குகிறது. இடமில்லாததால் அது மடங்கி 17,100-ல் வந்து விழும். ஐந்து மடங்கு 45,000. அது விழுமிடம் 900 ஹெர்ட்ஸ், நேராகக் குரலின் நடுவில்! பாட்டின் சுருதிக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. உண்மையான நாடாவில் இந்தத் தொல்லையே இல்லை, அங்கே மாதிரி எடுக்கும் வேலையே இல்லையே. பிளக்-இன்னில் ஓவர்சாம்பிளிங்கை (உள்ளுக்குள் கூடுதல் மாதிரிகளோடு கணக்குப் போடுவதை) 4 மடங்குக்கு உயர்த்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். பாடும்போது மட்டும் அதை அணைத்து வையுங்கள். கம்ப்யூட்டருக்குச் சுமை கூடும், சில பிளக்-இன்களில் ஹெட்போனில் குரல் தாமதமாகவும் வரும்.

சில பிளக்-இன்கள் நாடாவின் "உஸ்ஸ்" இரைச்சலையும் சேர்த்தே தரும். ஒரு டிராக்கில் கேட்காது. 16 டிராக்கிலும் போட்டால் 12 டெசிபல் ஏறும், மேலே ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறுக்கும் கம்ப்ரஸர் இருந்தால் இன்னும் தூக்கிக் காட்டும். கேசட் காலத்தில் அந்த இரைச்சலை ஒழிக்கத்தான் டால்பி வந்தது. இப்போது அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம். ஒரு டிராக்கில் வைத்துக்கொண்டு மற்றவற்றில் அணைத்துவிடுங்கள்.

டிதரை, அதாவது பிட்டைக் குறைக்கும்போது கலக்கும் மெல்லிய இரைச்சலை, நடுவில் எங்கேயும் தொட வேண்டாம். சிடிக்காக 16 பிட்டில் எக்ஸ்போர்ட் செய்யும்போது ஒரே ஒரு முறை, எல்லாவற்றுக்கும் கடைசியாகப் போட்டால் போதும்.