திங்கட்கிழமை மனு எந்த மேசைக்குப் போகிறது?

டெல்டா மாவட்டங்களில் வருவாய்த்துறை சார்ந்த வழக்குகளை நடத்துகிற வழக்கறிஞன் என்ற முறையில், ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்த மனுக்களின் நகல்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டு வருகிறவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். ஒவ்வொரு நகலிலும் எண் இருக்கும், ஒப்புகைச் சீட்டும் இணைத்திருக்கும். யாராவது ஓர் அதிகாரி சட்டப்படி பிறப்பித்த ஆணை மட்டும் அந்தக் கட்டில் இருக்காது. மாவட்டத்தின் தலைமை அதிகாரியிடமே சொல்லிவிட்டோமே, இனி அவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் ஆண்டுகள் போய்விடுகின்றன. மாவட்ட நிர்வாகம் எப்படி அமைந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த அலைச்சலில் பெரும்பகுதி குறையும் என்பதால் இதை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் தரப்படும் பட்டா மனு, எண் இடப்பட்டு, தொடர்புடைய வட்டாட்சியருக்கு அனுப்பப்படுகிறது. வட்டாட்சியர் வருவாய் ஆய்வாளரிடம் அறிக்கை கேட்பார். வருவாய் ஆய்வாளர் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்பார். எவர் பதிவில் தவறு என்று மனுதாரர் புகார் சொன்னாரோ, அவரே அந்தப் புகாருக்கு முதல் அறிக்கை எழுதும் நிலையும் இதனால் வருகிறது. இதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. கிராமக் கணக்குகள் அவர் பொறுப்பில் இருப்பதால் விவரம் அங்கிருந்துதான் வந்தாக வேண்டும்.

வருவாய்த்துறையின் படிகளைக் கீழிருந்து பார்ப்பதுதான் நமக்குப் பயன்படும். பரம்பரையாக இருந்த கர்ணம், பட்டாமணியார் போன்ற கிராமப் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்ட பிறகு கிராம நிர்வாக அலுவலர் பதவி வந்தது. அவருக்கு மேல், எங்கள் பக்கம் சரகம் என்றும் பிர்கா என்றும் சொல்லப்படும் குறுவட்டத்துக்கு வருவாய் ஆய்வாளர், வட்டத்துக்கு வட்டாட்சியர், பல வட்டங்கள் சேர்ந்த கோட்டத்துக்குக் கோட்டாட்சியர். அந்த இடத்தில் இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரி இருந்தால் அவரைச் சார் ஆட்சியர் என்கிறோம், அதிகாரம் ஒன்றுதான். அவருக்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலர், பிறகு ஆட்சியர். எந்தத் தாளில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதைச் சட்டமும் அரசாணைகளும் தனித்தனியே வகுத்துள்ளன. பட்டியலினத்தவருக்கான சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் வழங்குகிறார். பழங்குடியினருக்கான சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் வழங்க முடியும்.

பட்டாவில்தான் மக்கள் அதிகம் இடறுகிறார்கள். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தின்படி, வட்டாட்சியர் நிலையில் பிறப்பிக்கப்படும் ஆணையை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு கோரலாம். இந்த ஏணியில் ஆட்சியரின் பெயர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கோட்டாட்சியரோ மாவட்ட வருவாய் அலுவலரோ இரு தரப்பையும் விசாரித்து முடிவெடுக்கும் இடத்தில், ஏறத்தாழ நீதிபதியைப் போல அமர்கிறார்கள். விசாரணையை விரைந்து முடிக்கச் சொல்லலாமே தவிர, இன்னாருக்குச் சாதகமாக ஆணையிடு என்று மேலதிகாரியான ஆட்சியரும் சொல்ல இயலாது. அப்படிச் சொல்லி ஓர் ஆணை பிறந்தால் உயர் நீதிமன்றத்தில் அது நிற்காது.

வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒருவர் வாய்மொழியாக "முடியாது" என்று சொன்னால், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழியில்லை. காரணத்தோடு கூடிய நிராகரிப்பு ஆணையை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மறுத்துவிட்டார்களே, அந்தத் தாள் எதற்கு என்று பலர் வாங்காமலே திரும்புகிறார்கள்; உண்மையில் அடுத்த படியில் கால் வைக்க அந்தத் தாள்தான் வேண்டும். ஆணை கைக்கு வந்துவிட்டால் மேல்முறையீட்டுக்கான காலவரம்பு ஓடத் தொடங்கும். இடையில் ஆட்சியரிடம் எத்தனை மனு கொடுத்தாலும் அந்தக் கடிகாரம் நிற்பதில்லை. என் அனுபவத்தில், நியாயம் பக்கத்தில் இருந்தும் தோற்றவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்றார்கள். நிலம் யாருக்குச் சொந்தம் என்பதே தகராறாக இருந்தால் உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்புதான் இறுதி என்பதால், வருவாய் அலுவலகப் படிகளில் காலத்தைக் கரைக்காமல் அங்கே செல்வது நல்லது.

ஆட்சியரின் கை எதுவரை நீளும் என்பதற்குத் தண்ணீர் நல்ல எடுத்துக்காட்டு. நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பு என்னும் நீர்ப் பிரிப்பு மதகுகளில் வெண்ணாறு பிரிந்து கோரையாறு, பாமணியாறு எனப் போகும் இடத்தில் எந்த மதகை எவ்வளவு தூக்குவது என்பது நீர்வளத்துறைப் பொறியாளர்களின் பொறுப்பு. (எங்கள் பெரியவர்கள் இன்னும் பி.டபிள்யூ.டி. என்றுதான் சொல்வார்கள்.) செயற்பொறியாளர் கண்காணிப்புப் பொறியாளருக்கும், அவர் திருச்சியில் உள்ள தலைமைப் பொறியாளருக்கும் கட்டுப்பட்டவர்கள். கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று ஆட்சியரிடம் முறையிட்டால், அவர் பொறியாளரை அழைத்து விளக்கம் கேட்பார், அழுத்தம் தருவார், அது பல முறை பலன் தரும். ஆனால் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில், வாய்க்காலின் பெயரையும் தலைப்பையும் குறிப்பிட்டு, சம்பந்தப்பட்ட செயற்பொறியாளரை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்விக்குக் கிடைக்கும் பதில், பொதுவாக எழுதிய மனுவுக்குக் கிடைப்பதில்லை. காவல்துறை, பள்ளிக் கல்வி, நெல் கொள்முதல் செய்யும் நுகர்பொருள் வாணிபக் கழகம் ஆகியவையும் இப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் சென்னையில் தனித் தலைமை உண்டு, மாவட்டத்தில் அவற்றை ஒருங்கிணைப்பவர் ஆட்சியர்.

ஊராட்சிகள் வேறு வரிசை. 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் ஆட்சியரை ஊராட்சிகளின் ஆய்வாளராக வைத்திருக்கிறது. ஆனாலும் தெருவிளக்கு, குடிநீர், ஊராட்சிக் குளம் போன்றவற்றுக்கு முதலில் ஊராட்சியையும் வட்டார வளர்ச்சி அலுவலரையும் அணுக வேண்டும். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட எங்கள் பகுதி ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் சென்றது. அப்படிப்பட்ட காலத்தில் தலைவரைத் தேடி அலைவதில் பயனில்லை.

எல்லாத் துறைகளும் ஆட்சியரின் சொல்லுக்குச் சட்டப்படியே கட்டுப்படும் நேரம் ஒன்று உண்டு, அது பேரிடர். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் அவர்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட ஊராட்சித் தலைவர் இணைத் தலைவர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னைகளைச் சாய்த்தபோது அந்த அதிகாரத்தின் வீச்சைப் பார்த்தோம். ஆனால் நிவாரணக் கணக்கெடுப்பு என்று வந்ததும் விஷயம் மறுபடியும் கிராமக் கணக்குக்கே வந்து நின்றது. பயிர்ச் சேதம் 33 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால்தான் நிவாரணம். வயலில் என்ன பயிர், யார் சாகுபடி செய்கிறார் என்பதற்கு அடங்கல் என்ற கிராமச் சாகுபடிப் பதிவேடுதான் ஆதாரம். கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு உழுகிறவர்கள் நிறைந்த இந்த மண்ணில், அடங்கலில் சாகுபடிதாரர் பெயர் இல்லாவிட்டால் வயலில் நட்டவர் ஒருவராகவும் பணம் வாங்குகிறவர் வேறொருவராகவும் ஆகிவிடுகிறது. புயலுக்குப் பிறகு அதைத் திருத்தக் கேட்பவரைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். சம்பா நட்ட கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவைச் சரிபார்த்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது. 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி குத்தகைதாரராகப் பதிவு பெற்றிருப்பது இன்னும் வலுவானது.

வருவாய்த்துறையின் கணக்காண்டான பசலி ஆண்டு ஜூன் 30-இல் முடிகிறது. அதற்கு முன், பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், ஒவ்வொரு வட்டத்திலும் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி நடக்கும். ஒரு வட்டத்துக்கு ஆட்சியரே அலுவலராக அமர்வார். மற்ற வட்டங்களுக்கு மாவட்ட வருவாய் அலுவலர், கோட்டாட்சியர் போன்றோர் அமர்வார்கள். கிராமம் கிராமமாக நாள் குறிக்கப்பட்டு, அந்தக் கிராமத்தின் கணக்குப் பதிவேடுகள் முழுவதும் மேசையில் வைக்கப்படும். எழுதியவரும் எதிரிலேயே நிற்பார். கணக்கில் உள்ள பிழையைச் சர்வே எண்ணோடு சுட்டிக்காட்ட விரும்புகிறவர், தம் ஊருக்கான நாளை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, கிரயப் பத்திர நகல், பழைய அடங்கல் நகல், வரி ரசீது ஆகியவற்றுடன் அன்றைக்குப் போகலாம்.