போகிக்கு முன்னால் அந்த டிரங்குப் பெட்டியைத் திறங்க

மார்கழி கடைசியில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் தொடங்கும். "பழைய நோட்டெல்லாம் கெடக்கு சார், பூச்சி அரிச்சிருக்கு. போகியில போட்டுடலாமா?" பழைய காகிதங்களைச் செப்பனிடுவது என் தொழில். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நட்டுவனார் (பரதநாட்டிய ஆசான்) வீடுகளிலும், மெலட்டூர் போன்ற, பாகவத மேளம் என்ற நாட்டிய நாடகம் ஆடும் ஊர்களிலும் பரண் ஏறி இறங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: போடாதீங்க.

பந்தநல்லூர்ப் பக்கம் ஒரு வீடு. விருதுக் கேடயங்களும் சால்வைகளும் கண்ணாடி பீரோவில் பளபளவென்று இருந்தன. பரணில், துருப்பிடித்த டிரங்குப் பெட்டிக்குள், தாத்தாவின் கோடு போட்ட நோட்டு. முன்பக்கம் பால் கணக்கு. தலைகீழாகத் திருப்பினால் ஒரு வர்ணத்தின் (பரதநாட்டியத்தின் நீண்ட உருப்படி) ஜதிகள், அதாவது ஆட்டத்துக்கான தாளச் சொற்கள், பென்சிலில். நடுநடுவே சின்னச் சின்னச் சாய்கோடுகள். அவை என்னவென்று பேரனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

தஞ்சை அரசவையில் இருந்த நாட்டிய ஆசான்களான சகோதரர்கள், தஞ்சை நால்வரின் உருப்படிகள் இன்று மேடையேறுகின்றன என்றால், சரபோஜி காலம் தொட்டு அந்தக் குடும்பம் சுவடிகளைக் கைவிடாமல் வைத்திருந்ததும், கிட்டப்பா பிள்ளை போன்ற வாரிசுகள் அவற்றை அச்சுக்குக் கொண்டுவந்ததும் முக்கியக் காரணம். வீட்டில் இருந்ததால்தான் கிடைத்தது.

ஐப்பசி, கார்த்திகை ஈரம்தான் நம் ஊரில் முதல் எதிரி. பெட்டி தரையில் இருக்கக் கூடாது, சுவரை ஒட்டியும் இருக்கக் கூடாது. நனைந்த நோட்டை வெயிலில் போடாதீர்கள்; நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். இரண்டு நாள் ஈரமாகவே விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் வேண்டாம், பசை மஞ்சளாகி எழுத்தைக் கறையாக்கும். லேமினேஷன் அதைவிட மோசம். ஒரு முறை சூடாக்கி ஒட்டியதைப் பிரித்தெடுக்க என்னைப் போன்றவர்களாலும் பெரும்பாலும் முடியாது.

என் பங்குக்கும் ஒரு பாவம் உண்டு. 2018 கஜா புயலில் நனைந்து, பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட ஒரு அரங்கேற்றப் படத்தை அவசரப்பட்டு உரித்தேன். முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. கண்ணாடியோடு சேர்த்து முதலில் படம் எடுத்திருக்க வேண்டும்.

படத்தில் யார் நிற்கிறார் என்பதை இன்றே கேட்டு உறையின் மேல் எழுதுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயிலில் ஆடிய பெண்கள்) பெயரை, எந்தச் சிறகில் (தெருவின் எந்தப் பக்க வரிசையில்) எத்தனையாவது வீடு என்பது வரை, கல்லில் வெட்டி வைத்தான். நம் வீட்டு ஆல்பத்தில் பாட்டிக்குப் பக்கத்தில் இருப்பவர் யாரென்று கேட்டால் பதில் இல்லை.

தேவதாசி மரபில் வந்த சில வீடுகளில் பெட்டியையே காட்ட மாட்டார்கள். 1947 தேவதாசி ஒழிப்புச் சட்டத்துக்கு முன்பும் பின்பும் அந்தக் குடும்பங்கள் கேட்ட ஏச்சு அப்படி. அவர்கள் சம்மதமில்லாமல் ஒரு பக்கத்தைக்கூட வாட்ஸப்பில் போடாதீர்கள். எனக்கு அனுப்புவதும் அதில் சேர்த்தி.

பந்தநல்லூர் வீட்டுக்கு மறுவாரம் போனபோது, பேரன் தன் பெரியம்மாவை வரவழைத்திருந்தார். நோட்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தவர், "இதுவா தம்பி? அப்பா தட்டுக்கழி போடுற எடம்" என்றார். பக்கத்தில் கிடந்த ஸ்கேலையே தட்டுக்கழியாக எடுத்துப் பலகையில் தட்டிக்கொண்டே, தீர்மானம் என்கிற அந்த ஜதிக் கோவை முழுவதையும் சொன்னார். போனில் பதிவு பண்ணினோம். ஏழாவது சாய்கோட்டில் நிறுத்தி, "இங்க அப்பா தப்பா போட்டிருக்கு" என்று சிரித்தார்.