சிறுதுளை அறுவை: ஒரு சொல் விளக்கம்

சிறு துளைகள் வழியே கேமராவில் பார்த்துச் செய்யும் அறுவையான ‘மினிமலி இன்வேசிவ் சர்ஜரி’ என்பதைக் ‘குறைந்தபட்ச ஊடுருவும் அறுவை சிகிச்சை’ என்று தமிழாக்குகிறார்கள். படித்தால் எல்லைச் செய்தி போல இருக்கிறது. பக்கத்துத் திசுவுக்குள் பரவும் கட்டியையும் ‘ஊடுருவும் புற்று’ என்றே சொல்கிறோம். ஆக, நுரையீரல் புற்றுநோய் பற்றிய ஒரே பத்தியில் நோயும் ஊடுருவுகிறது, மருத்துவரும் ஊடுருவுகிறார்!

மூலமும் அப்படித்தான். லத்தீனில் ‘இன்வாடெரே’ என்றால் உள்ளே புகுதல், படையெடுத்தல். இந்தத் தொடரை 1980களில் பரப்பியவர் பிரிட்டனின் சிறுநீரக அறுவை மருத்துவர் ஜான் விக்கம்.

சரி, எது இங்கே ‘மினிமல்’? நுரையீரலில் குறைவாக வெட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. வலது நுரையீரலில் 3 மடல்கள் (பெரும் பிரிவுகள்), இடதில் 2. நோயுள்ள மடலை எடுப்பதென்றால் எந்த முறையிலும் அதே மடல்தான் வெளியே வரும். மாறுவது வாசல் மட்டும். திறந்த முறையில் விலாவோரம் நீளமாகக் கீறி, விலா எலும்புகளைக் கருவியால் அகட்டிப் பிடிப்பார்கள். எலும்பின் கீழ் விளிம்பில் ஓடும் நரம்பு அப்போது நசுங்கும். பிற்பாடு படுத்தும் வலிக்கு அது முக்கியக் காரணம். சிறுதுளை முறையில் அகட்டல் இல்லை. கேமராவில் பார்த்து மடலைப் பிரித்து, உள்ளேயே ஒரு பைக்குள் போட்டு, சில செ.மீ. திறப்பு வழியே மெல்ல இழுத்தெடுப்பார்கள்.

பிரிட்டனில் 503 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட ‘வயலட்’ ஆய்வு (2022), கேமரா முறையில் வலியும் சிக்கல்களும் குறைவு, புற்றை அகற்றுவதில் குறையில்லை என்றது.

மார்பில் செய்யும் இந்தக் கேமரா முறையை ‘லேப்ராஸ்கோப்பி’ என்பது பிழை. கிரேக்க ‘லபாரா’ விலாவுக்குக் கீழுள்ள மென்பகுதி. அது வயிற்றுக்கான சொல். மார்புக்கு ‘தொரக்காஸ்கோப்பி’. ‘தோராக்ஸ்’ முதலில் போர்வீரரின் மார்புக்கவசம், ‘ஸ்கோபெயின்’ பார்த்தல். திறந்த முறையான ‘தொரக்காட்டமி’யில் இருப்பது ‘தோமே’, அதாவது வெட்டு.

தமிழில் ‘நுண்துளை’ என்றும் எழுதுகிறார்கள். ஒரு மடலே வெளிவரும் துளை எப்படி நுண்ணியதாகும்? ‘சாவித்துளை’ ஆங்கிலக் ‘கீஹோல்’ என்பதன் நிழல். என் தேர்வு ‘சிறுதுளை மார்பறுவை’, ‘திறந்த மார்பறுவை’. (பேச்சில் ‘அறுவை’க்கு வேறு பொருள் உண்டுதான், இருக்கட்டும்.)

அப்புறம், ‘கன்வெர்டெட் டு ஓப்பன்’ என்று அறிக்கையில் வரும். நடுவில் ரத்தக்கசிவோ, பெரிய ரத்தக்குழாயோடு ஒட்டிய கட்டியோ தெரிந்தால் மார்பைத் திறந்துவிடுவார்கள். சிலர் இதைத் ‘தோல்வியுற்ற சிறுதுளை அறுவை’ என்று மொழிபெயர்க்கிறார்கள். ‘திறந்த முறைக்கு மாற்றப்பட்டது’ என்பதே சரி.