பெட்டியில் அச்சிட்ட வாட்டும் தரையில் படிந்த தூசியும்

தரையைத் தூய்மை செய்யும் மின் இயந்திரம் ஒன்றை வாங்க முற்படுபவரின் கண்ணில் முதலில் படுவது, பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்பட்ட ஓர் எண். ஒரு நிறுவனம் 2000 வாட் என்கிறது. இன்னொன்று, அழுத்தத்தை அளக்கும் அலகில், 20,000 பாஸ்கல் என்கிறது. எண் பெரிதானால் தரை அதிகம் பளிச்சிடும் என்ற எண்ணம் இயல்பானதுதான் என்றாலும், தரையில் நடக்கும் இயற்பியலைச் சற்றுக் கவனித்தால் அந்த எண் சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவதே அதிகம் என்பது புரியும்.

வேக்குவம் கிளீனரின் உள்ளே இருப்பது அதிவேகமாகச் சுழலும் ஒரு விசிறி. அது தனக்கு முன்னுள்ள காற்றைப் பின்னால் தள்ளி வெளியேற்றுவதால், குழலுக்குள் அழுத்தம் குறைகிறது. கடல் மட்டத்தில் நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் சுமார் 1,01,325 பாஸ்கல். ஒரு நல்ல வீட்டு இயந்திரம் குழலுக்குள் ஏறத்தாழ 20,000 பாஸ்கல் அளவுக்கு, அதாவது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு, அந்த அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியிலுள்ள காற்று அந்தக் குறையை நிரப்பப் பாய்ந்து வரும்போது, வழியில் கிடக்கும் தூசியையும் அள்ளிக்கொண்டு போகிறது. ஆகவே வேலையைச் செய்வது வெளிக்காற்றின் ஓட்டம். இயந்திரம் அதற்கு வழி மட்டுமே திறந்துவிடுகிறது.

பெட்டியில் காணப்படும் பாஸ்கல் அளவின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. குழலின் வாயை முழுதாக அடைத்துவிட்டால் அழுத்தக் குறைவு உச்சத்தை எட்டும். ஆனால் காற்று சிறிதும் ஓடாது. வாயை முழுதாகத் திறந்துவிட்டால் காற்றோட்டம் உச்சத்தை எட்டும்; ஆனால் அழுத்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும். விளம்பரத்தில் வரும் இரண்டு உச்ச அளவுகளும் இயந்திரம் தரையைத் தூய்மை செய்யாத இரண்டு கணங்களில் எடுக்கப்பட்டவை. உண்மையான திறன் அழுத்த வேறுபாட்டையும் நொடிக்கு ஓடும் காற்றின் கன அளவையும் பெருக்கினால் கிடைப்பது. இதை ஏர் வாட் என்று குறிப்பிடுகிறார்கள். உச்ச அழுத்தக் குறைவு 20,000 பாஸ்கலாகவும் உச்சக் காற்றோட்டம் நொடிக்கு 40 லிட்டராகவும் உள்ள இயந்திரம், வேலை செய்யும் நடுநிலையில் சுமார் 10,000 பாஸ்கலும் 20 லிட்டரும் தரும். 20 லிட்டர் என்பது 0.02 கன மீட்டர்; ஆகவே இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது 200 வாட். மின்இணைப்பிலிருந்து அது எடுப்பது 1000 வாட்டாக இருந்தால், மீதி வெப்பமாகவும் இரைச்சலாகவும் போகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் குழப்பத்தைச் சட்டத்தின் வழியாகவே அணுகியது. 2014 செப்டம்பரில் வேக்குவம் கிளீனர்களின் உள்ளீட்டுத் திறனுக்கு 1600 வாட் என்ற வரம்பு விதிக்கப்பட்டது. 2017 செப்டம்பரில் அது 900 வாட்டாகக் குறைக்கப்பட்டது. திறனைக் குறைத்த அதே விதி, எவ்வளவு தூசியை எடுக்க வேண்டும் என்ற கீழ்வரம்பையும் வைத்தது. உற்பத்தியாளர்கள் மோட்டாரைப் பெரிதாக்குவதை விட்டுவிட்டு, விசிறியின் வடிவத்தையும் தரையைத் தொடும் முனையின் வடிவத்தையும் செம்மைப்படுத்த வேண்டியதாயிற்று. இயந்திரத்தின் மின்சிக்கனத்தைத் தரம் பிரித்துக் காட்டும் ஆற்றல் முத்திரை குறித்த விதியோ 2018இல் நீதிமன்றத்தில் ரத்தானது. காரணம் சுவையானது: சோதனைகள் தூசிப்பை காலியாக இருக்கும்போது நடத்தப்பட்டன; பை நிரம்பிய பிறகு இயந்திரம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவை காட்டவில்லை. வீட்டில் எவரும் காலிப் பையோடு மட்டும் தரையைத் தூய்மை செய்வதில்லை அல்லவா?

இனித் தூசியின் பக்கம் வருவோம். எந்தப் பரப்பின் மீது காற்று ஓடினாலும், பரப்பை ஒட்டிய மிக மெல்லிய அடுக்கில் அதன் வேகம் ஏறக்குறைய பூஜ்யமாகிவிடுகிறது. இதை எல்லை அடுக்கு என்பர். ஒரு மில்லிமீட்டர் மணற்துகள் இந்த அடுக்குக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு நிற்பதால் காற்று அதை எளிதாகத் தூக்கிவிடும். பத்து மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள நுண்துகளோ அடுக்கின் அடியில் ஒளிந்துகொள்கிறது. அதோடு, துகளையும் தரையையும் பிணைக்கும் மூலக்கூறு ஈர்ப்பு விசை துகளின் விட்டத்துக்கு ஏற்பக் குறைகிறது. துகளின் எடையோ விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. துகள் சிறுக்கச் சிறுக்க, அதன் எடையோடு ஒப்பிடுகையில் அதன் ஒட்டும் வலிமை பன்மடங்கு கூடுகிறது என்பதே இதன் பொருள். வழவழப்பான தரையில் வேக்குவம் ஓட்டிய பின்னும் விரலால் தடவினால் மெல்லிய பொடி ஒட்டுவதற்கு இதுவே காரணம். மோட்டாரின் குறை அன்று. காற்றின் எல்லை அது.

அந்த எல்லையைத் தாண்ட இரண்டு வழிகள் உண்டு: ஒன்று தூரிகை, மற்றொன்று நீர். தூரிகையின் அருமை இத்துறையின் தொடக்க வரலாற்றிலேயே தெரிகிறது. பிரிட்டனில் ஹூபர்ட் செசில் பூத் 1901இல் உருவாக்கிய இயந்திரம் குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தப்பட்டு, நீண்ட குழல்களைச் சன்னல் வழியே உள்ளே செலுத்தி, காற்றோட்டத்தால் மட்டுமே தூசியை எடுத்தது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கட்டடத் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்க்ளர் 1908இல் காப்புரிமை பெற்ற கையடக்க மின் இயந்திரத்தில்தான் விசிறியும் சுழலும் தூரிகையும் ஒன்றாக இணைந்தன. அந்த உரிமையே பின்னர், தம் பெயரிலேயே வேக்குவம் கிளீனர்களை விற்ற ஹூவர் குடும்பத்தின் கைக்குப் போனது. கம்பளத்தின் இழைகளுக்குள் புதைந்த மணலைத் தட்டி மேலே கொண்டுவர இன்றும் சுழலும் தூரிகைக்கு மாற்று இல்லை. ஆகையால் அறைகளில் கம்பளம் அதிகம் இருந்தால், தனி மோட்டாரால் சுழலும் தூரிகை உள்ள முனையையே முதலில் தேட வேண்டும். வாட் எண் பிறகு வரட்டும். வழவழப்பான கல் தரைக்கும் ஓட்டுத் தரைக்கும் முரட்டு மயிர்த் தூரிகை ஆகாது. அது மணலைச் சுழற்றி எறிவதோடு பரப்பிலும் கீறல் போடும். மென்மையான துணி உருளை அங்கே பொருந்தும்.

எடுத்த தூசி மீண்டும் அறைக்குள் வராமல் தடுப்பது வடிகட்டியின் வேலை. மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெபா (HEPA) வடிகட்டியை நுண்ணிய துளைகள் கொண்ட சல்லடை என்று பலர் கருதுகிறார்கள், அது சரியன்று. தாறுமாறாகப் பின்னிய இழைகளின் காடு அது. பெரிய துகள்கள் காற்றோடு வளைய இயலாமல் இழைகளில் மோதி ஒட்டுகின்றன. மிகச் சிறியவை காற்று மூலக்கூறுகளால் இடிபட்டு அங்குமிங்கும் அலைந்து இழையில் சிக்குகின்றன. இரண்டு வழியிலும் எளிதில் அகப்படாமல் நழுவப் பார்ப்பவை சுமார் 0.3 மைக்ரான் அளவுள்ள இடைப்பட்ட துகள்களே. அந்த அளவில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தர அளவு. ஆனால் மூடியின் ஓரத்தில் கசிவு இருந்தால், எவ்வளவு உயர்ந்த வடிகட்டியும் பயன் தராது. ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் இருக்கும் வீட்டில், வடிகட்டியின் பெயரைவிட இயந்திரம் முழுவதும் காற்றுப் புகாமல் மூடப்பட்டதா என்பதே முக்கியம். காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும், பையில்லாத சைக்ளோன் வகையில் தொட்டியைக் கவிழ்க்கும்போது தூசி கிளம்பும் என்பதால், இத்தகைய வீட்டுக்குப் பை உள்ள வகையே நல்லது என்பது என் கருத்து.

இரண்டாவது வழி நீர். எண்ணெய்ப் பிசுக்கும் காய்ந்த சேறும் எந்தக் காற்றோட்டத்துக்கும் அசையாது. சோப்புக் கரைசல் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, அழுக்குக்கும் தரைக்கும் இடையே புகுந்து, பிடியைத் தளர்த்துகிறது. அதற்குச் சில நிமிட அவகாசம் வேண்டும். ஊற்றிய உடனே தேய்ப்பவர்கள் கரைசலின் வேலையைத் தம் கையால் செய்கிறார்கள். தளர்ந்த அழுக்கு நீரில் மிதக்கும்போதே அந்த நீரை அகற்றிவிட வேண்டும். அங்கேயே உலர விட்டால் நீர் ஆவியாகி, அழுக்கும் சோப்பும் சேர்ந்த படலம் தரையில் தங்கிவிடும். பெரிய கட்டடங்களில் ஓட்டப்படும் தேய்த்து உலர்த்தும் இயந்திரத்தின் பின்புறம் வளைந்த ரப்பர் பட்டைகளும் உறிஞ்சு குழலும் இருப்பது இதனால்தான். நல்ல நீருக்கு ஒரு தொட்டி, அழுக்கு நீருக்கு வேறொரு தொட்டி என்ற அமைப்பு இப்போது வீட்டு இயந்திரங்களுக்கும் வந்துவிட்டது. ஈரத்துணியை மட்டும் இழுத்துச் செல்லும் மலிவான வகை, சில சதுர மீட்டருக்குப் பிறகு அழுக்கைத் தரையெங்கும் பரப்பத் தொடங்கிவிடுகிறது. எப்படியாயினும் முதலில் உலர்ந்த தூசியை எடுத்துவிட்டு, பிறகே நீரைக் கொண்டுவர வேண்டும்.

பெரிய தரைகளைத் தேய்க்கவும் மெருகேற்றவும் பயன்படும் ஒற்றைத் தட்டு இயந்திரத்தை முதன்முதலில் பிடிப்பவர்கள், அது தம்மைச் சுவர்வரை இழுத்துச் செல்வதைக் கண்டு திகைப்பதுண்டு. சக்கரத்தால் அது நகர்வதில்லை, உராய்வால் நகர்கிறது. தட்டு தரையோடு சமமாக அமர்ந்திருக்கும்போது எல்லாப் பக்கத்து உராய்வும் ஒன்றையொன்று சமன் செய்வதால் இயந்திரம் நின்ற இடத்திலேயே சுழலும். கைப்பிடியைச் சிறிது தாழ்த்தினால் எடை இயக்குபவரின் பக்கத்து விளிம்பில் கூடும். மேலிருந்து பார்க்கையில் தட்டு இடஞ்சுழியாகச் சுழல்வதானால், அந்த விளிம்பு வலப்பக்கம் ஓடும். தரை அதை இடப்பக்கம் தள்ளும். இயந்திரம் இடமாக நகரும். கைப்பிடியை உயர்த்தினால் எல்லாம் தலைகீழாகி வலமாக நகரும். இதை அறிந்தவருக்குத் தோள் வலிமை தேவைப்படாது; மணிக்கட்டின் சிறு அசைவு போதும். தட்டின் அடியில் பொருத்தும் பட்டைகளின் நிறத்துக்கும் பொருள் உண்டு: வெள்ளை மெருகேற்றுவதற்கு, சிவப்பு மேலோட்டமான தூய்மைக்கு, பச்சை தேய்ப்பதற்கு, கறுப்பு பழைய மெழுகை உரித்தெடுப்பதற்கு. கறுப்புப் பட்டையைப் பளிங்கின் மேல் வைத்தால் அந்தத் தவறு தரையில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் கால்சியம் கார்பனேட் ஆனதால் அமிலத்தன்மையுள்ள எந்தக் கரைசலும் அவற்றை அரிக்கும். மரத் தரை நீரைக் குடித்து உப்பும். நீராவி இயந்திரம் அங்கே இரட்டைக் கேடு.

கம்பியில்லா இயந்திரத்தை எடைபோட ஓர் எளிய கணக்குப் போதும். ஒரு லித்தியம் அயனி மின்கலத்தின் மின்னழுத்தம் சுமார் 3.6 வோல்ட். 2500 மில்லி ஆம்பியர் மணி கொண்ட ஏழு மின்கலங்கள் சேர்ந்தால் 63 வாட் மணி. உச்ச வேகத்தில் மோட்டார் 500 வாட் எடுத்தால் அது ஏழரை நிமிடத்துக்கே வரும். பெட்டியில் 60 நிமிடம் என்று இருந்தால், அது 63 வாட்டில் மெதுவாக ஓடும் நிலைக்கு உரியது. உச்சத் திறனும் 60 நிமிடமும் ஒருசேரக் கிடைக்க மாட்டா. பெரிய வீட்டுக்குக் கம்பி உள்ள இயந்திரமே இன்னும் நியாயமான தேர்வு.

ரோபோ இயந்திரங்களின் பலம் உறிஞ்சும் வலிமை அன்று, விடாமுயற்சி. நாள்தோறும் ஓடி, தூசி படிந்து இறுகுவதற்கு முன்பே எடுத்துவிடுகின்றன. சுழலும் லேசர் கதிரால் சுவர்களின் தொலைவை அளந்து வரைபடம் தீட்டுபவை, தாம் நிற்கும் இடத்தையும் அதே வரைபடத்தில் கணிக்கின்றன. கண்ணாடிச் சுவர் லேசரை ஊடுருவ விடுவதால் அவை சில நேரம் குழம்பும். படிக்கட்டில் விழாமல் காக்கும் உணரிகள் அகச்சிவப்புக் கதிரைத் தரையில் பாய்ச்சி அது திரும்பி வருகிறதா என்று பார்க்கின்றன. கறுப்புத் தரை அக்கதிரை விழுங்கிவிட்டால், ரோபோ அதைப் பள்ளம் என்று எண்ணிப் பின்வாங்கும். கறுப்புக் கம்பளம் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் இதைச் சோதித்துப் பார்ப்பது நலம்.

பயன்படுத்தும்போது காதையும் பழக்க வேண்டும். குழல் அடைத்தாலோ பை நிரம்பினாலோ இயந்திரத்தின் ஒலி மந்தமாகாமல் கீச்சென்று உயரும். தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் விசிறியின் சுமை குறைந்து மோட்டார் வேகமெடுப்பதே காரணம். பல வீட்டு இயந்திரங்களில் உறிஞ்சப்படும் காற்றே மோட்டாரையும் குளிர்விப்பதால், அந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால் மோட்டார் சூடேறும். அதே காரணத்தால், உலர் தூசிக்கான இயந்திரத்தில் நீரை உறிஞ்சவே கூடாது. அந்த ஈரம் நேராக மோட்டாருக்குப் போகும். ஈரத்துக்கும் ஏற்ற வகைகளில் மோட்டாருக்குக் குளிர்காற்றுத் தனிவழியில் வருகிறது. சூடான சாம்பல் பையில் தீப்பிடிக்கும். சிமெண்ட் பொடி வடிகட்டியைச் சில நிமிடங்களில் அடைத்துவிடும். உடைந்த குழல் விளக்கின் துண்டுகளை உறிஞ்சினால் அதிலுள்ள பாதரசம் ஆவியாக அறையெங்கும் பரவும். தூரிகையில் சுற்றிய முடியை வெட்டியெடுக்கும் முன் மின்இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். கழுவிய வடிகட்டியை முழுதாக உலராமல் மாட்டினால் பூஞ்சை பிடிக்கும். அழுக்கு நீர்த் தொட்டியை அன்றன்றே கவிழ்க்காவிட்டால், மறுநாள் இயந்திரத்தை இயக்கியதும் அதன் நாற்றமே முதலில் வெளிவரும்.