கேம்பேடும் டேப்லெட்டும் ஒன்றல்ல

சர்வீஸுக்கு வந்த வீ யு (Wii U) கேம்பேட் அது. நின்டெண்டோவின் வீ யு கன்சோலோடு, அதாவது டிவியில் இணைக்கும் விளையாட்டுப் பெட்டியோடு, வரும் திரை வைத்த கைக்கருவி. "டச் போச்சு" என்றார் கொண்டுவந்தவர். பட்டன்கள் எல்லாம் வேலை செய்தன, படமும் பளிச்சென்று வந்தது. விரல் வைத்தால் மட்டும் அசைவில்லை. ஓரத்தில் நகத்தை நுழைத்து நெம்பினேன், திரையைக் காக்க ஒட்டும் டெம்பர்ட் கிளாஸ் ஒன்று உரிந்து வந்தது. மறுபடி தொட்டேன், டச் வந்துவிட்டது. திருகாணி ஒன்றைக்கூடக் கழற்றவில்லை.

"டேப்லெட்டுக்கு எல்லாரும் ஒட்டுறதுதானே?" என்று கேட்டார். வம்பே அந்த "டேப்லெட்" என்ற சொல்லில்தான் இருக்கிறது.

நம் போன், டேப்லெட் திரைகள் விரலின் மின்தன்மையை உணர்பவை. மேலே கண்ணாடி ஒட்டினாலும் அவற்றுக்குக் கவலையில்லை. கேம்பேடின் 6.2 அங்குலத் திரை வேறு ரகம், ரெசிஸ்டிவ். மேலே வளையும் படலம், கீழே இன்னொரு அடுக்கு, நடுவில் நூலிழை இடைவெளி. அழுத்தும்போது இரண்டும் ஒட்டினால்தான் தொட்ட இடம் அதற்குத் தெரியும். வளையாத கண்ணாடியை மேலே ஒட்டினால் அழுத்தம் கீழே இறங்குமா? மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் போதும். இதில் லாபமும் உண்டு: நகம், கையுறை, பின்பக்கம் செருகியிருக்கும் ஸ்டைலஸ் குச்சி, எதற்கும் மசியும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு புள்ளிதான். இரண்டு விரல் வைத்தால் நடுவில் எங்கோ ஒன்று தொட்டதாக நினைத்துக்கொள்ளும். விரல்களை விரித்துப் படத்தைப் பெரிதாக்கப் பார்த்துவிட்டு "கோளாறு" என்று வருகிறவர்களும் உண்டு. கோளாறு இல்லை, அதன் சுபாவமே அப்படி.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் செகண்ட் ஹேண்டில் கேம்பேடை மட்டும் தனியாக வாங்குகிறவர்களுக்கு. "சின்னப் பிள்ளைக்கு டேப்லெட் மாதிரி இருக்கட்டும்னு வாங்கினேன்" என்றார் ஒருவர். பாவம், அதற்குள் விளையாட்டை ஓட்டும் மூளையே கிடையாது. விளையாட்டு ஓடுவது கன்சோலில். அங்கிருந்து படம் சுருக்கப்பட்டு 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் வருகிறது, இது விரித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். அடுத்த அறையைத் தாண்டிப் போனாலே படம் திக்கும். கன்சோல் இல்லாமல் உருப்படியாகச் செய்யும் ஒரே வேலை, டிவி ரிமோட்!

2012இல் இது வந்தபோதே, இது என்ன கருவி என்று பலர் குழம்பினார்கள். 2017 மார்ச்சில் வந்த நின்டெண்டோவின் அடுத்த கன்சோல், ஸ்விட்ச், அந்தக் குழப்பத்தைத் தீர்க்கவில்லை, திருப்பிப் போட்டது. அதே 6.2 அங்குலம்தான், ஆனால் மூளை திரைக்குப் பின்னாலேயே இருக்கிறது. டச்சும் டேப்லெட் ரகம். அதற்குத் தாராளமாக டெம்பர்ட் கிளாஸ் ஒட்டலாம்.

கேம்பேடின் பேட்டரியும் டேப்லெட் மாதிரி இல்லை. முதலில் வந்த கேம்பேடில் 1500 மில்லி ஆம்பியர் மணிதான், மூன்று முதல் ஐந்து மணி நேரம் தாங்கும். டேப்லெட் கணக்கில் "சீக்கிரம் இறங்குது" என்று சர்வீஸுக்குத் தூக்கி வராதீர்கள். போன் சார்ஜரும் இதில் நுழையாது. செருகும் வாயே வேறு. சார்ஜர் இல்லாமல் விற்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பழையது வாங்குகிறீர்களா? உங்கள் கன்சோலைக் கையோடு எடுத்துப் போங்கள். ஜப்பானில் விற்றது அமெரிக்கக் கன்சோலோடு சேராது. இரண்டையும் இணைக்கும் சிங்க் பட்டனைக் கன்சோலில் அழுத்தினால் டிவியில் நான்கு சீட்டுக்கட்டுச் சின்னங்கள் ஒரு வரிசையில் வரும். அதே வரிசையில் கேம்பேடில் தொடுங்கள். சேருகிறதா என்பதோடு, டச் உயிரோடு இருக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.